‘அலதி’: ஒரு லூவியச் சொல்லுக்குப் பொருள் தேடுவது எப்படி?

ஆஹ்ஹதத அலதி அவியெந்த விலுசதி.

நான்கே சொற்கள். மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால், இன்றைய துருக்கியின் நடுவில், ஹிட்டைட் பேரரசின் தலைநகராக இருந்த ஹத்துசாவில், ஓர் எழுத்தர் ஈரக் களிமண் பலகையில் ஆப்பு ஆப்பாக அழுத்தி எழுதி வைத்தது. அது லூவியம் என்ற பழைய மொழியில் ஒரு பாட்டின் முதலடி. பாட்டு முழுவதையும் அவர் எழுதவில்லை. பாடுகிறவர்களுக்கு மிச்சம் மனப்பாடம். இன்ன பாட்டு என்று சுட்ட முதலடி போதும். பாடத் தெரிந்த கடைசி மனிதர் போனதோடு பாட்டும் போய்விட்டது. அடி மட்டும் மண்ணுக்குள் கிடந்து நம் கைக்கு வந்திருக்கிறது.

நான்கில் மூன்று சொற்களுக்குப் பொருள் ஏறத்தாழத் தெரியும். ‘ஆஹ்ஹ’ என்றால் ‘-போது’. அதன் வாலில் ஒட்டியிருக்கும் துணுக்குகளில் ஒன்று ‘அவர்கள்’ என்பதைக் குறிக்கிறது. ‘அவியெந்த’ என்றால் ‘வந்தார்கள்’. ‘விலுசதி’ என்றால் ‘விலுசாவிலிருந்து’. ஆக, “அவர்கள் ... விலுசாவிலிருந்து வந்தபோது” என்பது வரை வந்துவிடுகிறோம். அந்தப் புள்ளிகளின் இடத்தில் நிற்பது ‘அலதி’.

ஒரு சொல் தெரியாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். விலுசா என்பது கிரேக்கர்கள் இலியோஸ் என்றும் டிராய் என்றும் அழைத்த ஊர்தான் என்று இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். டிராய்ப் போரைப் பாடிய கிரேக்கக் கவி ஹோமருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, கிரேக்கம் அல்லாத ஒரு மொழியில், டிராயிலிருந்து வந்தவர்களைப் பற்றி ஒரு பாட்டு இருந்திருக்கிறது என்றால், அதற்கு எஞ்சியிருக்கும் சாட்சி இந்த ஓர் அடிதான். அதிலும் அந்தச் சாட்சியின் எடை முழுவதும் ‘அலதி’ என்ற சொல்லின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் இந்தச் சிறிய சொல்லைச் சுற்றி நாற்பது ஆண்டுகளாக வாதம் நடக்கிறது.

மொழியைப் பற்றி முதலில் கொஞ்சம். ஹத்துசாவின் இடிபாடுகள் துருக்கியில் போகாஸ்கோய் (இன்று போகாஸ்கலே) என்ற ஊருக்கு அருகே இருக்கின்றன. 1906-இல் அங்கே அகழாய்வு தொடங்கியதும் களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. அவற்றின் முதன்மை மொழியான ஹிட்டைட், கிரேக்கமும் லத்தீனும் வடமொழியும் அடங்கிய இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று செக் அறிஞர் பெட்ரிஹ் ஹ்ரோஸ்னி 1915-இல் காட்டினார். பலகைகளில் இருப்பது ஒரே மொழி அல்ல, பல மொழிகள் என்பதை 1919-இல் எமில் ஃபோரர் எடுத்துச் சொன்னார். ஹிட்டைட் எழுத்தர்களே அதற்கு வழிகாட்டியிருந்தார்கள். சடங்கை ஹிட்டைட்டில் விவரித்துக்கொண்டே வந்து, மந்திரம் வரும் இடத்தில் “லூவிலி” என்று குறித்துவிட்டு, அதற்கப்புறம் வேறு மொழியில் எழுதினார்கள். லூவிலி என்றால் ‘லூவிய மொழியில்’. ஹிட்டைட்டின் உடன்பிறந்த மொழி அது. ஹிட்டைட் பேரரசு சிதைந்த பிறகும் சித்திர எழுத்து வடிவில் கி.மு. 700 வாக்கு வரை பாறைகளிலும் கல்வெட்டுகளிலும் உயிரோடு இருந்தது.

நம் அடி வரும் பலகை, இஸ்தனுவா என்ற ஊராரின் சடங்குப் பாடல்களைச் சொல்கிறது. இஸ்தனுவா எங்கே இருந்தது என்பதற்கு ஒரு துப்பு, அந்தச் சடங்குகளில் வரும் சாஹிரியா என்ற ஆற்றின் பெயர். அது இன்றைய சக்கார்யா ஆறு. அனத்தோலியாவின், அதாவது துருக்கியின் ஆசியப் பகுதியின், வடமேற்கில் ஓடிக் கருங்கடலில் கலக்கிறது. சடங்கில் ஒவ்வொரு தெய்வத்தின் பேராலும் மது அருந்துகிறார்கள், ஒவ்வொரு முறையும் ஒரு பாட்டு. ஹுஹுபல் என்றொரு கருவியை வாசிக்கிறார்கள். அதே கருவியை மதுக்கலமாகவும் பயன்படுத்துகிறார்கள். அப்படி ஒரு வேளையில் பாடப்பட்ட பாட்டுதான் இது. விழாக் கூட்டத்தின் நடுவே குரலெடுத்துப் பாடிய அடியை நாம் ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பொருள் தெரியாத ஒரு சொல்லை அணுகும்போது மொழியியலாளர் முதலில் பார்ப்பது அதன் உருபை. ‘அலதி’, ‘விலுசதி’ இரண்டும் ஒரே மாதிரி முடிகின்றன. ‘-அதி’ என்பது லூவியத்தில் நீங்கல் பொருள் தரும் உருபு. நம் ஐந்தாம் வேற்றுமை செய்யும் வேலை. அதே உருபு மூன்றாம் வேற்றுமையின் கருவிப் பொருளையும் தரும். ‘-இலிருந்து’, ‘-ஆல்’ இரண்டுக்கும் லூவியத்தில் ஒரே உருபுதான். இங்கே வினை ‘வந்தார்கள்’ என்பதால் நீங்கல் பொருள் பொருந்துகிறது. (இதில் ஒரு சின்ன மகிழ்ச்சி: இந்த உருபில் வரும் தகரம் மென்மையாக ஒலித்தது என்று கருதக் காரணம் உண்டு. பிற்காலச் சித்திர எழுத்து ஆவணங்களில் அது ரகரமாகத் தேய்ந்து ‘-அரி’ என்றும் எழுதப்பட்டது. வல்லோசையாக இருந்திருந்தால் அப்படித் தேய்ந்திருக்காது. ஆக ‘அலதி’ என்று நாம் இயல்பாகப் படிப்பது அந்தப் பழைய ஒலிப்புக்கு நெருக்கமாகவே இருக்கும்.)

தமிழில் ‘உயர்ந்த மலையிலிருந்து’ என்று சொன்னால் உருபு மலைக்கு மட்டும் சேரும். ‘உயர்ந்த’ அப்படியே நிற்கும். லூவியம் அப்படி அல்ல. பெயரடையும் பெயரோடு சேர்ந்து அதே உருபை ஏற்க வேண்டும். ‘உயர்ந்ததிலிருந்து மலையிலிருந்து’ என்று சொல்வதைப்போல. ஆகவே ‘அலதி ... விலுசதி’ என்பது, விலுசா என்ற பெயரும் அதைச் சிறப்பிக்கும் பெயரடையுமாக இருக்கலாம். ‘இன்ன தன்மையுள்ள விலுசாவிலிருந்து.’

இருக்கலாம் என்றுதான் சொன்னேன். ஏனென்றால் வேறு வழியும் திறந்திருக்கிறது. ‘அலதி’ தனிப் பெயர்ச்சொல்லாக இருந்தால் ‘அலவிலிருந்து, விலுசாவிலிருந்து’ என்று இரண்டு இடங்களை அடுக்கிச் சொன்னதாக ஆகும். பெயரடையா, பெயர்ச்சொல்லா என்று பிரித்தறிய லூவியத்தில் ஓர் அருமையான அடையாளம் உண்டு. அம்மொழியின் பெயரடைகள் பலவற்றில், எழுவாய் வடிவத்திலும் இரண்டாம் வேற்றுமையிலும் அடிச்சொல்லின் இறுதி அகரம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இகரம் தோன்றும். மற்ற வேற்றுமைகளில் அது மறைந்துவிடும். ‘மரம்’ உருபேற்கும்போது ‘மரத்து’ என்று மாறுவது நமக்குப் பழக்கம். அங்கே மாற்றம் நேரும் இடம் வேறு, அவ்வளவுதான். ஆனால் நமக்குக் கிடைத்திருப்பதோ நீங்கல் வேற்றுமை வடிவம். இகரம் மறைந்துபோகும் இடம். ‘அல-’ என்ற பெயர்ச்சொல்லுக்கும் ‘அலி-/அல-’ என்று மாறும் பெயரடைக்கும் நீங்கல் வடிவம் ஒன்றேதான்: அலதி. எந்த வேற்றுமை வந்தால் வேறுபாடு தெரியுமோ அதில் வராமல், எதில் வந்தால் தெரியாதோ அதில் வந்து மாட்டிக்கொண்டது இந்தச் சொல்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஆப்பெழுத்தில் ஊர்ப் பெயர் வரும்போது அதற்கு முன்னால் ‘இது ஊர்’ என்றோ ‘இது நாடு’ என்றோ ஒரு குறி போடுவது வழக்கம். வாயால் படிக்காத, கண்ணுக்கு மட்டுமான குறி. இந்த அடியில் ‘விலுசதி’க்கு முன்னால் அது இல்லை. பாட்டை ஒலித்தபடியே எழுதும்போது எழுத்தர் அதை விட்டிருக்கலாம். ஆனால் குறி இல்லாத வரை, இது ஊர்ப் பெயர்தானா என்ற கேள்விக்கும் இடம் இருக்கிறது. ஹிட்டைட்டில் ‘வெல்லு’ என்றால் புல்வெளி. விலுசதி என்பது அதோடு தொடர்புள்ள சாதாரணச் சொல்லாகக்கூட இருக்கலாமே என்று கேட்டால் உடனே மறுத்துவிட முடியாது. ஊர்ப் பெயர் என்று கொள்வதே எனக்கு இயல்பாகப் படுகிறது. மற்ற ஹிட்டைட் ஆவணங்களில் விலுசா நன்கு அறிமுகமான பெயர். கி.மு. 1280 வாக்கில் இரண்டாம் முவத்தல்லி என்ற ஹிட்டைட் மன்னன் விலுசாவின் அரசனோடு செய்த ஒப்பந்தத்தின் பெரும்பகுதி கிடைத்திருக்கிறது. அந்த அரசனின் பெயர் அலக்சாந்து. ஹோமரின் காப்பியத்தில் டிராய் இளவரசன் பாரிஸின் மறுபெயர் அலெக்சாந்த்ரோஸ் என்பதை அறிந்தவர்களுக்கு, இதைப் படிக்கும்போது மனம் ஒரு கணம் நின்றுதான் நகரும்.

இப்போது 1984-க்கு வருவோம். அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரியில் டிராய் பற்றி ஓர் ஆய்வரங்கு நடந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கால்வெர்ட் வாட்கின்ஸ் அங்கே டிராய் மக்கள் எந்த மொழி பேசினார்கள் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். இந்த அடியைக் காட்டி அவர் தந்த மொழிபெயர்ப்பு: “அவர்கள் செங்குத்தான விலுசாவிலிருந்து வந்தபோது.” ‘செங்குத்தான’ என்ற பொருள் அவருக்கு எப்படிக் கிடைத்தது? வாதத்தின் நடுத்தூண் ஹோமர். அவருடைய காப்பியமான இலியத்தில் டிராயைக் குறிக்க மறுபடி மறுபடி வரும் அடைமொழிகளில் ஒன்று ‘ஐபெய்னே’, அதாவது செங்குத்தான, உயர்ந்தோங்கிய. இலியோஸ் ஐபெய்னே. கிரேக்கத்தில் இலியோஸ் என்ற பெயர் முற்காலத்தில் வகரத்தோடு ‘விலியோஸ்’ என்று இருந்தது என்பதற்குச் செய்யுளின் யாப்பே சான்று. அந்தப் பெயருக்கு முன்னால் உயிரெழுத்து வந்தால் கெட்டுப் புணர வேண்டிய இடங்கள் பலவற்றில் கெடாமல் நிற்கிறது, நடுவில் ஒரு மெய் இருப்பதைப்போல. காதுக்கு மறைந்துபோன வகரம் யாப்பின் எண்ணிக்கையில் தங்கிவிட்டது. ஆக விலுசா, விலியோஸ், இலியோஸ் என்று பெயர் வரிசையாக நிற்கிறது. பெயர் ஒன்றானால் அதன் அடைமொழியும் ஒன்றாக இருக்கக்கூடாதா?

வாட்கின்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். இது விலுசாவைப் பற்றிய ஒரு லூவியக் காப்பியத்தின் தொடக்கமாக இருக்கலாம் என்றார்.

அடியை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் அவருடைய பரவசம் புரிகிறது. ஆஹ்ஹதத, அலதி, அவியெந்த. தமிழ் யாப்பு பழகிய காது இதை உடனே பிடித்துக்கொள்ளும்: முதல் மூன்று சீரிலும் அகர ஆகாரம் ஒன்றி வருவதை நாம் கூழை மோனை என்போம். நான்காம் சீர் மோனையிலிருந்து விலகினாலும், அவியெந்த என்பதன் ‘வி’யை விலுசதி வாங்கிக்கொள்கிறது, அலதியின் ‘தி’ விலுசதியின் இறுதியில் திரும்பி வருகிறது. சொல்லின் வரிசையும் உரைநடைக்கு உரியது அல்ல. லூவியத்தில் வினை பொதுவாகக் கடைசியில்தான் வரும், தமிழைப்போல. இங்கே அலதிக்கும் விலுசதிக்கும் நடுவில் வினை புகுந்து இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. இது யோசித்துக் கட்டிய செய்யுள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் செய்யுள் என்பது நிச்சயமானதாலேயே சொல்லின் பொருள் நிச்சயமாகிவிடாது. இங்கேதான் நிதானம் வேண்டும். அலதிக்குச் ‘செங்குத்தான’ என்று பொருள் வைத்தது பெரும்பாலும் ஹோமரைப் பார்த்து. அப்படி வைத்த பிறகு, ‘பாருங்கள், லூவியரும் ஹோமரைப்போலவே செங்குத்தான டிராய் என்று பாடியிருக்கிறார்கள், எனவே அந்த அடைமொழி அவ்வளவு பழமையானது’ என்று சொன்னால், கடன் வாங்கிய பணத்தையே சொத்தாகக் காட்டி இன்னொரு கடன் கேட்பதாகும். வாட்கின்ஸ் இந்த ஆபத்தை அறியாதவர் அல்ல. ஆனால் அவருக்குப் பின் அந்த அடியைக் கட்டுரைகளிலும் நூல்களிலும் எடுத்தாண்ட பலர், கேள்விக்குறியை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துப் போனார்கள். எனக்கு வருத்தம் தருவது இதுதான். அழகான ஒரு கருதுகோள் பத்து முறை மேற்கோள் காட்டப்பட்டதும் உண்மையின் உடையைப் போட்டுக்கொள்கிறது.

இரு மொழிகளின் கவிதைத் தொடர்களை ஒப்பிட்டு ஒரு மூத்த கவிமரபைக் காண்பது நல்ல முறைதான். 1853-இலேயே அடல்பெர்ட் கூன் என்ற ஜெர்மானியர் அதைச் செய்து காட்டினார். ஹோமரில் ‘கிளெயோஸ் அப்திதோன்’. ரிக் வேதத்தில் ‘ஸ்ரவஸ்’, ‘அக்ஷிதம்’ என்ற அதே இரு சொற்கள் சேர்ந்து. இரண்டுக்கும் பொருள் அழியாப் புகழ். அங்கே பொருள் மட்டும் ஒன்றவில்லை. கிளெயோஸும் ஸ்ரவஸும் ஒரே தாய்ச் சொல்லிலிருந்து ஒலி விதிப்படி பிறந்தவை. மற்ற இரண்டும் அப்படியே. இரண்டு சாவிகள், இரண்டு பூட்டுகள், எல்லாப் பற்களும் பொருந்துகின்றன. விலுசாவின் கதை வேறு. ஊர்ப் பெயர் மட்டுமே பொருந்துகிறது. ‘ஐபெய்னே’க்கும் ‘அலதி’க்கும் ஒலியில் எந்த உறவும் இல்லை. போதாததற்கு ‘ஐபெய்னே’யின் மூலமே கிரேக்க மொழியியலில் தெளிவாகாத ஒன்று. ஒரு மொழியின் தொடரைக் கேட்டு இன்னொரு மொழிக்காரர் தம் சொல்லில் பெயர்த்துக்கொண்டார் என்றால் ஒலி பொருந்த வேண்டியதில்லை, உண்மை. அனத்தோலியாவிலிருந்து கதைகள் கிரேக்கத்துக்குப் போனதற்கு வேறு சான்றுகள் உண்டு. ஹிட்டைட்டில் எழுதப்பட்ட குமார்பி என்ற தெய்வத்தின் கதை, கிரேக்கர்களின் தெய்வ வம்சக் கதையோடு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகிறது. அந்த வழியில் ஓர் அடைமொழியும் போயிருக்கலாம். ஆனால் பெயர்ப்பு என்று சொல்ல, மூலச்சொல்லின் பொருள் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். நமக்கோ தெரியாதது அதுதான்.

இலியத்தையே புரட்டிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ‘செங்குத்தான’ என்ற அடைமொழி டிராய்க்கு மட்டுமே உரியது அல்ல. கலிதோன், பெதசோஸ், கொனோயெஸ்ஸா என்று வேறு ஊர்களுக்கும் அதே சொல் வருகிறது. குன்றின்மேல் கோட்டை கட்டி வாழ்ந்த காலத்தில் எந்த ஊரையும் அப்படிப் பாடலாம்.

சொல்லின் பிறப்பைத் தேடிப் பொருளைப் பிடிக்கலாமா என்று பார்ப்போம். லத்தீனில் ‘அல்துஸ்’ என்றொரு சொல் இருக்கிறது. உயரம் என்றும் பொருள், ஆழம் என்றும் பொருள். செங்குத்தான இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான உறவு கிடைக்குமா? லூவியமும் லத்தீனும் ஒரே பெருங்குடும்பம் வேறு. கண்ணை மூடிக்கொண்டு ஒட்ட வைத்துவிடலாம்போலத் தோன்றும்.

ஒட்டும் முன் ஒரு சோதனை உண்டு. 1879-இல், சுவிஸ் மொழியியலாளரான இருபத்தொரு வயது ஃபெர்தினாந்த் தெ சொசூர், இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் மூலமான தாய்மொழியில் பிற்கால மொழிகள் எல்லாவற்றிலும் அழிந்துபோன சில ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். ஒரு மொழியிலும் அவற்றைக் கேட்டவர் இல்லை. உயிரெழுத்துகளின் மாற்றங்களை வைத்து, இங்கே ஏதோ இருந்து மறைந்திருக்கிறது என்று ஊகித்தார். ஹத்துசாவின் பலகைகள் வெளிவந்து படிக்கப்பட்ட பிறகு, 1927-இல், போலந்தின் யெர்சி குரிலோவிச் கவனித்தார்: சொசூர் சொன்ன அந்த இடங்களில் சிலவற்றில் ஹிட்டைட்டில் ஓர் ஹகர ஒலி அப்படியே எழுதப்பட்டிருக்கிறது! நமக்குத் தெரிந்த சொல்லிலேயே இதைப் பார்க்கலாம். இறந்தவரின் எலும்பையும் சாம்பலையும் ‘அஸ்தி’ என்கிறோம். அது எலும்பு என்ற பொருளுள்ள வடசொல். ஹிட்டைட்டில் எலும்புக்குச் சொல் ‘ஹஸ்தாய்’. வடமொழி இழந்த முதல் ஒலியை ஹிட்டைட் காப்பாற்றி வைத்திருக்கிறது. லூவியமும் அப்படியே: ஆட்டுக்கு லத்தீனில் ‘ஓவிஸ்’, வடமொழியில் ‘அவி’, லூவியத்தில் ‘ஹாவி’.

இப்போது ‘அல்துஸ்’ஐ அந்தத் தராசில் வைப்போம். அது ‘ஊட்டி வளர்த்தல்’ என்ற பொருளுள்ள வேரிலிருந்து பிறந்தது. வளர்ந்தது என்பதிலிருந்து உயர்ந்தது என்ற பொருள் வந்தது. அந்த வேரின் முதலில் இப்படி மறைந்த ஒலி ஒன்று இருந்ததாகவே மொழியியலாளர்கள் கொள்கிறார்கள். அப்படியானால் லூவியத்தில் நாம் எதிர்பார்க்க வேண்டியது ‘ஹல-’. கிடைத்திருப்பதோ ‘அல-’. சில சூழல்களில் அந்த ஹகரம் மறையவும் செய்யும் என்று வாதிடுவோர் உண்டு. அந்தச் சூழல் இங்கே இருந்தது என்று தனியாக நிறுவியாக வேண்டும். அதற்குச் சான்று கையில் இல்லை. அழகான உறவு, தராசில் நிற்கவில்லை.

சரி, ஹகரம் இல்லாத வேறு வேர் எதுவாவது இருக்குமா? இருக்கலாம், அளவுக்கு அதிகமாகவே. அந்த மூலத் தாய்மொழியின் எகரம், ஒகரம், அகரம் மூன்றும் லூவியத்தில் பெரும்பாலும் அகரமாகவே கலந்துவிட்டன. ஆகவே ‘அல-’ என்பதன் முதல் உயிர் மூன்றில் எதுவாகவும் இருந்திருக்கலாம். எஞ்சுவது ஒரு லகரம். ஓர் உயிரும் ஒரு மெய்யும் மட்டுமே உள்ள துணுக்குக்கு எந்த மொழியிலும் உறவினர் கிடைப்பார்கள். நீளமான சொல்லில் ஐந்தாறு ஒலிகள் வரிசையாகப் பொருந்தினால் அது தற்செயல் ஆகாது. இரண்டு ஒலி பொருந்துவது சாலையில் யாரோ ஒருவர் நம் சட்டை நிறத்திலேயே சட்டை போட்டிருப்பதைப்போல.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் பலருக்கு நாக்கு நுனியில் ஒரு சொல் வந்திருக்கும். அலை! ஆழம், ஆழி என்றும் சிலருக்குத் தோன்றலாம். ஆழி கடல், ஆழம் செங்குத்தின் மறுபக்கம்; இரண்டு பொருளும் நம்மிடமே இருக்கின்றன. அந்த உந்துதலை நான் குறையாகச் சொல்லவில்லை. தாய்மொழியைக் கொண்டு உலகை அளப்பது இயல்பு. ஆனால் ‘அல்துஸ்’ஐ ஒலி விதியின்முன் நிறுத்தி மறுத்த அதே கண்டிப்பை இங்கேயும் காட்ட வேண்டும். லூவியத்துக்கும் தமிழுக்கும் குடும்ப உறவு கிடையாது. கடன் வாங்கியதற்கான பாதையும் கிடையாது. ஒரே குடும்பத்துக்குள்ளேயே இரண்டு ஒலிப் பொருத்தம் போதாது என்கிறபோது, உறவே இல்லாத இடத்தில் அது ஒன்றும் சொல்லாது.

கடல் என்று சொன்னேன். அதுவும் வெறும் ஊகம் அல்ல, ஆய்வுலகில் உண்மையாகவே முன்வைக்கப்பட்ட மாற்றுப் பொருள்: “அவர்கள் கடலிலிருந்து, விலுசாவிலிருந்து வந்தபோது.” அலதியைப் பெயர்ச்சொல்லாகக் கொள்ளும் வழி இது. கிரேக்கத்தில் கடலுக்கு ‘ஹால்ஸ்’ என்று ஒரு சொல் உண்டே என்று யாரும் துள்ள வேண்டாம்; அது ‘சால்-’ என்ற மூலத்திலிருந்து வந்தது, உப்பு என்று பொருள். கிரேக்கம் அந்தச் சகரத்தை ஹகரமாக்கியது. லூவியம் அப்படிச் செய்யும் மொழி அல்ல. சகரம் சகரமாகவே நிற்கும். ஆகவே கடல் என்ற பொருளும் சூழலை நம்பித்தான் நிற்கிறது, பிறப்பை நம்பி அல்ல.

நிலத்தைக் கேட்டால்? டிராய் இருந்த ஹிசார்லிக் மேடு, ஒரு சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தின் மேற்கு முனையில், ஆற்றுச் சமவெளிக்கு மேலே நிற்கிறது. கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டில் எழுப்பிய கோட்டையின் கல்மதில்களின் வெளிமுகம் சரிவாக ஏறுவது. கீழிருந்து பார்ப்பவருக்குச் செங்குத்து என்ற சொல் பொருந்தும். ஆனால் சமவெளியில் துளையிட்டு எடுத்த மண் அடுக்குகள் வேறொன்றையும் சொல்கின்றன: கி.மு. 3000 வாக்கில் கடலின் ஒரு குடா டிராயின் அடிவாரம் வரை நீண்டிருந்தது. கரமெந்தெரெஸ் ஆறு கொண்டுவந்த வண்டல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்த்தது. ஆக, ‘கடலோரத்திலிருந்து’ என்று பாடினாலும் நிலம் ஆட்சேபிக்காது. இரண்டு வாசிப்புக்கும் மண் தலையாட்டுகிறது.

டிராயில் லூவியம் பேசினார்களா என்ற கேள்வி தனி. 1995-இல் அகழாய்வாளர் மான்ஃபிரெட் கோர்ஃப்மானின் குழு அங்கே லூவியச் சித்திர எழுத்து பொறித்த ஒரு வெண்கல முத்திரையைக் கண்டெடுத்தது. ஒருபக்கம் ஓர் எழுத்தரின் பெயர், மறுபக்கம் ஒரு பெண்ணின் பெயர். கைக்குள் அடங்கும் முத்திரை எங்கிருந்தும் பயணம் செய்து வந்திருக்கலாம். அதை வைத்து ஓர் ஊரின் தாய்மொழியை முடிவுசெய்ய நான் துணிய மாட்டேன்.

அப்படியானால் அலதிக்கு என்ன பொருள் எழுதுவது? என் கணிப்பைக் கேட்டால், இது பெயரடையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பேன். அடைமொழியை முன்னால் வைத்து, வினையை நடுவே விட்டு, அடைமொழி யாருக்கு உரியதோ அந்தப் பெயரை அடியின் கடைசியில் கொண்டுவந்து நிறுத்துவது, கேட்பவரைக் காத்திருக்க வைக்கும் செய்யுள் உத்தி. இரண்டு பெயர்ச்சொற்களைப் பிரித்துப் போட்டால் அந்த இழுவிசை வராது. ‘செங்குத்தான’, ‘உயர்ந்த’ என்ற திசையில் பொருள் இருக்கலாம் என்பதும் ஏற்கத்தக்கதே. ஆனால் அகராதியில் அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நிற்க வேண்டும். அந்தக் குறியை எடுத்துவிடும் உரிமை இன்னும் யாருக்கும் வரவில்லை.

எடுக்க வேண்டுமானால் என்ன கிடைக்க வேண்டும் என்பது தெளிவாகவே தெரியும். இதே சொல் எழுவாய் வடிவில், இகரத்தோடு, ஒரு மலையையோ மதிலையோ சிறப்பித்து வந்த ஒரு வரி போதும். அல்லது லூவியப் பாட்டின் இன்னொரு படி, ‘விலுசதி’க்கு முன்னால் ஊர் என்ற குறியோடு. போகாஸ்கோய் மண் இன்னும் வறண்டுவிடவில்லை. 2023-இல்தான் அங்கே கிடைத்த ஒரு சடங்குப் பலகையில், கலஸ்மா என்ற பகுதியின், அதுவரை யாருமே அறியாத ஓர் அனத்தோலிய மொழி வெளிப்பட்டது. அதுவும் ஹிட்டைட்டில் சடங்கைச் சொல்லி நடுவே “கலஸ்மாவின் மொழியில்” என்று எழுத்தர் மாறிய பலகைதான். பழைய கண்டெடுப்புகளிலும் வேலை முடியவில்லை. உடைந்த துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, இது இதன் மிச்சம் என்று கண்டுபிடிப்பது இந்தத் துறையின் அன்றாடம்.

வாட்கின்ஸ் தம் வாதத்துக்குத் துணையாகக் காட்டிய இரண்டாவது அடி ஒன்று உண்டு. வேறொரு பலகையில் வருகிறது. ‘அலதித்த ஆஹ்ஹ’ என்று தொடங்கி, ‘ஆள்’ என்ற சொற்குறி, பிறகு ‘அவித’, வந்தான். “அல-விலிருந்து அந்த மனிதன் வந்தபோது.” இங்கே அலதி பெயர்ச்சொல்லானால் வாக்கியம் இதோடு நிறைவு. பெயரடையானால், முதலடியில் விலுசதி வந்து நின்றதைப்போல, வினைக்கு அடுத்து அதே ‘-அதி’ உருபோடு ஒரு பெயர் வந்தாக வேண்டும். அவித என்ற சொல் முடிகிறது. அதற்கு அடுத்த இடத்தில் பலகை உடைந்திருக்கிறது.